நான் வைக்காத இடத்தில் வெடித்தது

அம்பயர் சார் வீட்டுக்குள்ளும் ரப்பர் செருப்பு போட்டுக்கொண்டுதான் நடப்பார். படுக்கையறையிலிருந்து ஹாலுக்கு வரும் அந்தச் சில அடிகளில் செருப்பு தரையில் ஒட்டி ஒட்டி எழும் சத்தத்தை, சாப்பாட்டு மேஜையின் முன் பென்சிலைப் பிடித்தபடி மூச்சை அடக்கிக்கொண்டு கேட்டிருப்பேன். திரையை விலக்கி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, முகத்தில் எதையும் காட்டாமல் சொல்வார்: "அம்மா, உங்க மைன் வெடிச்சுடுத்து. ரெண்டு டாங்க் போச்சு." சொல்லிவிட்டு, கண்ணாடி போட்டு அடைத்த பால்கனிப் பக்கம் போவார். அங்கே உட்கார்ந்திருக்கும் எதிராளியிடம் அதே குரலில் அதே செய்தியைச் சொல்வார். அங்கிருந்து ஒரு பெருமூச்சோ, பலகையில் உள்ளங்கை விழும் சத்தமோ வரும். என் கணவர் போன பிறகு வந்த இரண்டு வருடங்களில் எனக்குக் கிடைத்த சந்தோஷத்தில் பாதிக்கு மேல் அந்தச் செருப்புச் சத்தத்தோடு வந்ததுதான்.

சாரின் வீடு செம்பூர் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில், லிஃப்ட் இல்லாத பழைய கட்டடத்தில் மூன்றாவது மாடி. துறைமுகத்தில் வரைபடப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மனைவி இல்லை. மகன் நெருளில் குடும்பத்தோடு இருந்தான். போர் விளையாட்டு அவருக்கு இளவயதிலிருந்தே இருந்த பைத்தியம். கம்ப்யூட்டரில் ஆடுவது அல்ல. ஆறு, பாலம், பழத்தோட்டம், குன்று, கிராமம் எல்லாம் அவரே கையால் வரைந்த வரைபடம். அதன் மேல் தேன்கூடு மாதிரி அறுகோணக் கட்டங்கள். டாங்குக்கும் பீரங்கிக்கும் காலாட்படைக்கும் சின்னச் சின்ன அட்டைத் துண்டுகள். ஒரே வரைபடத்துக்கு மூன்று பிரதிகள் இருக்கும். ஒன்று ஹாலில் எனக்கு, ஒன்று பால்கனியில் எதிராளிக்கு, மூன்றாவது படுக்கையறையில் சாருக்கு. நாங்கள் இருவரும் ஒருவர் படையை ஒருவர் பார்க்க முடியாது. ஒவ்வொரு முறையும் எங்கே நகர்கிறோம் என்று அவரிடம் மெதுவாகச் சொல்லவேண்டும். எல்லாவற்றையும் அறிந்தவர் அவர் மட்டும்தான். பகடையும் அவர்தான் உருட்டுவார். அவருடைய வரைபடத்தில் மட்டும்தான் எங்கள் கண்ணிவெடிகள் சிவப்புத் தலை ஊசிகளாகக் குத்தி நிற்கும்.

இந்த விளையாட்டுக்கு என்னை அழைத்து வந்தவர் என் கணவர். மாட்டுங்காவில் ஞாயிற்றுக்கிழமை என்றால் கோயில், காய்கறி, மத்தியானத் தூக்கம் என்று இருந்த எங்கள் வீட்டில், சாயங்காலமானால் இவர் மட்டும் செம்பூருக்குக் கிளம்பிவிடுவார். "அப்படி என்னதான் இருக்கு அங்கே" என்று ஒருநாள் கூடவே போனேன். பிறகு நானும் ஆட ஆரம்பித்தேன். அவர் இருந்தவரை நான் பெரும்பாலும் தோற்றேன். எனக்கு முன்னேறிப் போய் அடிக்கத் தெரியாது. கிராமத்தைக் காப்பாற்று என்றால் காப்பாற்றுவேன். அதிலும் கண்ணிவெடி வைப்பதில்தான் எனக்கு மனம் போகும். பாலத்தில் வைப்பது எல்லோரும் செய்வது. எதிராளியும் அதைத்தான் எதிர்பார்ப்பான். பாலத்தைச் சந்தேகப்பட்டு அவன் சுற்றிப் போகும் வழி எது என்று யோசித்து அங்கே வைக்கவேண்டும். அதையும் முழுக்க அடைக்கக் கூடாது. ஒரு சின்ன இடைவெளி விட்டு, அந்த இடைவெளி என் பீரங்கியின் பார்வையில் விழும்படி பார்த்துக்கொள்ளவேண்டும். கண்ணிவெடி எதிரியைக் கொல்வதைவிட, அவன் எங்கே போகவேண்டும் என்பதைத் தீர்மானிக்கவே அதிகம் பயன்படும். வெடித்த இடத்தில் அவன் தயங்கி நிற்பான் பாருங்கள், அந்தத் தயக்கம்தான் எனக்கு வேண்டியது. இதையெல்லாம் நானே கண்டுபிடித்தேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

என் கணவருக்கு வியாதி என்று தெரிந்ததற்கும் அவர் போனதற்கும் நடுவில் ஒரு மழைக்காலம்கூட முழுதாக இல்லை. காரியங்கள் முடிந்து சில வாரம் கழித்து சார் போன் செய்தார். "ஞாயித்துக்கிழமை வாங்கோம்மா. மேப் புதுசா ஒண்ணு போட்டிருக்கேன்." போனேன். தோற்றேன். மறுவாரமும் தோற்றேன். "இனிமே வரலை சார். மனசு நிக்கலை" என்று சொல்லிவிட்டு வந்தேன். அவர் கேட்கவில்லை. "இன்னும் ஒரே ஒரு வாரம்" என்றார். அந்த ஒரு வாரத்தில்தான் முதல்முறையாகச் செருப்புச் சத்தம் வந்து, "உங்க மைன் வெடிச்சுடுத்து" என்றது. அந்த ஒரு வெடி போதுமாக இருந்தது. நான் ஜெயித்தேன்.

எதிரில் ஆடியவர் தாராவித் தம்பி. லெதர் பை தைக்கும் சின்னப் பட்டறை வைத்திருப்பவர், முப்பத்தைந்து வயதிருக்கும். அப்பா காலத்தில் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்த குடும்பம். முன்கோபக்காரர், நாலு டாங்கையும் ஒரே வழியில் ஓட்டிக்கொண்டு வருவார். தோற்றால் ஆத்திரப்பட்டு, அடுத்த நிமிடமே சிரிக்கவும் செய்வார். என் கணவர் போன பிறகு சார் வீட்டுக்கு வழக்கமாக வந்தது நாங்கள் இருவர்தான். அந்த முதல் தோல்வியன்று பால்கனியிலிருந்து வந்து, "யக்கா, நான் வாற வழி உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுச்சு?" என்று உண்மையான ஆச்சரியத்தோடு கேட்டார். என்னிடம் யாரும் அப்படி எதையும் கேட்டு வெகுகாலம் ஆகியிருந்தது.

அதன்பின் நான் அடிக்கடி ஜெயித்தேன். நடுநடுவே தோற்றேன், ஆனால் மறுபடி ஜெயித்தேன். சார் இரண்டு விதிகள் வைத்திருந்தார். எந்தக் கண்ணி வெடித்தது என்று கேட்கக் கூடாது. "போர்ல தூரத்துல இருக்கறவாளுக்குச் சத்தம்தான் கேக்கும். இடம் தெரியாது" என்பார். ஆட்டம் முடிந்ததும் வரைபடங்களை ஒருவருக்கொருவர் காட்டவும் கூடாது. காட்டினால் ஒருவர் பழக்கம் மற்றவருக்குத் தெரிந்துவிடும். கடைசியில் அவரே ரப்பரால் மூன்று வரைபடத்தின் பென்சில் குறிகளையும் அழித்துவிடுவார். எனக்கு அதில் எதுவும் விபரீதமாகப் படவில்லை. விளையாட்டை அவர் அவ்வளவு மரியாதையாக நடத்துகிறார் என்றுதான் நினைத்தேன்.

ஒரு தவறான எண்ணத்தின் மேல் நாம் எவ்வளவு கட்டிவிடுகிறோம் என்று இப்போது யோசித்தால் திகைப்பாக இருக்கிறது. துக்கம்தான் என்னைக் கூர்மையாக்கியிருக்கிறது என்று நம்பினேன். எல்லாம் போனவளுக்கு அடுத்தவர் எங்கே கால் வைப்பார் என்று தெரிந்துவிடுகிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நான் வேலை பார்ப்பது ஒரு இன்ஷூரன்ஸ் கம்பெனியில், கிளெய்ம் பிரிவில். அதுவரை மீட்டிங்கில் வாய் திறக்காதவள், பொய்க் கணக்கோடு வருகிறவர்களைக் கண்டுபிடிக்கும் வேலையை நானாகக் கேட்டு வாங்கிக்கொண்டேன். பாலக்காட்டிலிருந்து அக்கா, "தனியா என்ன பண்றே, இங்கே வந்துடு" என்றபோது முடியாது என்றேன். திங்கட்கிழமை காலை ரயிலில் நிற்கும்போது முந்தின நாள் வெடித்ததை நினைத்து முதுகை நிமிர்த்திக்கொள்வேன். யாரிடமும் சொல்லாத பெருமை அது. சொன்னால் சிரிப்பார்கள்.

போன வருட மழையில் ஒரு ஞாயிறு தம்பியின் ஸ்கூட்டர் கிளம்பவில்லை. இருவரும் சயான் போகும் பஸ்ஸில் ஏறினோம். மழை கனத்து, கண்ணாடியெல்லாம் மூடி, உள்ளே ஈரத் துணி வாடை. பஸ் நகராமல் நின்றது. அன்றும் நான்தான் ஜெயித்திருந்தேன். ஏதோ பேச்சுக்கு என்பது போல அவர் கேட்டார்.

"இன்னைக்கு அந்தப் பழத்தோட்டத்துல வச்சிய பாருங்க, அதாங்க்கா என்னால தாங்க முடியல. அங்கன யாரு வருவான்னு நெனச்சு வச்சிய?"

"பழத்தோட்டத்துலயா? அங்கே நான் வைக்கலையே."

"வைக்கலையா? அங்கதானக்கா எனக்கு ரெண்டு போச்சு."

அவர் வேறு ஆட்டத்தைச் சொல்கிறார் என்று நினைத்தேன். ஆவி படிந்த ஜன்னலில் விரலால் ஆற்றை வரைந்து, குன்றை வரைந்து, குன்றுக்குப் பின்னால் வறண்ட ஓடையில் நான் வைத்த இடங்களைப் புள்ளி வைத்துக் காட்டினேன். ஆறு புள்ளிகள். அவர் அதையே வெகுநேரம் பார்த்தார். பிறகு தன் விரலால் ஆற்றுக்கு இந்தப் பக்கம், நான் புள்ளியே வைக்காத இடத்தில், ஒரு கோடு போட்டார். "நான் வந்தது இப்படிலா" என்றார். போன வாரத்து ஆட்டத்தைக் கேட்டேன். அதற்கு முந்தினதையும் கேட்டேன். ஞாபகம் இருந்தவரை ஒன்றுகூடப் பொருந்தவில்லை. ஜன்னலில் நான் வரைந்த ஆறு நீராக வழிந்து கீழே இறங்கியது. சயானில் இறங்கும்போது அவர்தான் சொன்னார்: "சார் அப்படிச் செய்ய மாட்டாருக்கா. நமக்குத்தான் தப்பா ஞாபகம் இருக்கும். ஒரு தடவ பாத்துருவோம்."

எப்படிப் பார்ப்பது என்று அங்கேயே, பிளாட்பாரக் கடையின் தார்ப்பாய்க்குக் கீழே நின்று முடிவு செய்தோம். அடுத்த ஞாயிறு அவர் ஆற்றின் வடகரையை ஒட்டி மட்டுமே வருவார். நான் ஆறு கண்ணிகளையும் தெற்கு மூலையில் இருக்கும் சதுப்பில் வைப்பேன். சதுப்பில் டாங்க் நுழையவே முடியாது என்பது விதி. அங்கே வைத்தால் அந்த ஆட்டம் முழுவதும் ஒன்றுகூட வெடிக்க வழியில்லை.

அந்த வாரம் முழுவதும், வெடிக்காது, வெடிக்காது என்றுதான் மனதுக்குள் சொல்லிக்கொண்டிருந்தேன். என் கணவர் பிழைக்கவேண்டும் என்று வேண்டிக்கொண்டதற்கு அடுத்தபடியாக இதற்காகத்தான் வேண்டிக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை சார் வழக்கம்போல என் பக்கத்தில் குனிந்தார். சதுப்பைக் காட்டினேன். அவர் என்னை ஒரு கணம் பார்த்தார்.

"நிச்சயமா இங்கேயா?"

"ஆமாம் சார்."

"ஆறுமா?"

"ஆறும்."

உள்ளே போனார். ஊசி குத்தும் சத்தம் கேட்காது. ஆனால் அவர் குத்துவதாக நினைத்துக்கொண்டேன். ஆட்டம் தொடங்கியது. மிக மெதுவாகப் போனது. அவர் பால்கனிக்குப் போனார், உள்ளே போனார், என்னிடம் வந்தார், மறுபடி போனார். மூன்றாவது சுற்றிலோ நான்காவது சுற்றிலோ படுக்கையறையிலிருந்து கிளம்பிய செருப்பு நடுவில் ஒரு கணம் நின்றது. பிறகு வந்தது. திரை விலகியது.

"அம்மா, உங்க மைன் வெடிச்சுடுத்து. ரெண்டு டாங்க் போச்சு."

அந்தக் குரலில் அவ்வளவு வாத்சல்யம் இருந்தது. அதை நான் இரண்டு வருடமாகக் கவனித்ததே இல்லை. அந்தக் குரலைக் கேட்டுத் தம்பி பால்கனிக் கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்து நின்றார். ஆட்டத்தின் நடுவில் யாரும் எழுந்து வரக் கூடாது. சார் அவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நான் என் வரைபடத்தைத் தூக்கி அவர்கள் இருவருக்கும் தெரியும்படி மேஜையில் திருப்பி வைத்தேன். சார் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"எப்போலேர்ந்து சார்?" என்று கேட்டேன்.

மறைக்கவில்லை அவர். "உங்க ஆத்துக்காரர் ஆஸ்பத்திரியில என் கையைப் பிடிச்சுண்டு சொன்னார். ஞாயித்துக்கிழமை அவ ஆத்துல தனியா உக்காரப்படாது, எப்படியாவது வரவழைச்சுக்கோங்கோன்னார். தோத்துண்டே இருந்தா விட்டுடுவாள்னும் சொன்னார். நீங்களும் அப்படித்தானே வந்து நின்னேள், இனிமே வரலைன்னு. அந்த வாரம் ஒரே ஒரு ஊசியை ஒரு கட்டம் நகர்த்தி வெச்சேன். ஒரு கட்டம்தாம்மா."

"அப்புறம்?"

"நீங்க சிரிச்சேள்."

அதற்கு மேல் அவர் சொல்லத் தேவையிருக்கவில்லை. ஆனாலும் சொன்னார். நிறுத்தலாம் நிறுத்தலாம் என்று ஒவ்வொரு வாரமும் நினைத்ததாகவும், நான் படியேறி வரும்போதே முகத்தைப் பார்த்து முடிவு செய்வதாகவும் சொன்னார். "இன்னிக்குச் சதுப்புல கொண்டுபோய் வெச்சேளா, உங்களுக்கு ஏதோ மனசு சரியில்லைன்னு நினைச்சேன்" என்றார்.

எனக்குக் கோபம் வந்தது அவர் பொய் சொன்னதற்காக மட்டுமல்ல. நான் தோற்றால் விட்டுவிடுவேன் என்று என்னைப் பற்றி இரண்டு ஆண்கள் ஒரு ஆஸ்பத்திரிப் படுக்கையருகே முடிவு செய்திருக்கிறார்கள். ஒருவர் என்னோடு பதினெட்டு வருடம் வாழ்ந்தவர். அவர் சொன்னது சரிதானா என்று பார்க்கும் வாய்ப்பைக்கூட எனக்கு யாரும் கொடுக்கவில்லை. என் கணவரிடம் திரும்பிக் கேட்கவும் முடியாது. அன்றுவரை அவரை நினைக்கும்போதெல்லாம் வந்த அழுகையில் வருத்தம் மட்டும்தான் இருந்தது.

தம்பி அதுவரை நின்றபடியே இருந்தார். கத்துவார் என்று நினைத்தேன். மிகவும் தாழ்ந்த குரலில் பேசினார்.

"ரெண்டு வருசமா என்னைய நானே முட்டாப்பயன்னு நெனச்சிட்டிருந்தேன் சார். பட்டறையில உக்காந்து தைக்கும்போதும் இதயேதான் யோசிப்பேன், எங்க தப்பு விடுதோம்னு. அக்காவுக்கு ஜெயிப்பக் குடுத்திய. எனக்கு என்னத்தக் குடுத்திய?"

எனக்கு அந்தக் கேள்வி அதுவரை தோன்றியிருக்கவில்லை. என் வெற்றி ஒவ்வொன்றுக்கும் அந்தப் பால்கனியில் ஒருவர் தன்னைத் திட்டிக்கொண்டிருந்தார். நான் மேஜையைவிட்டு எழுந்தேன். சார், "காபி போடறேன், குடிச்சுட்டுப் போங்கோ" என்றார். நாங்கள் இறங்கிவிட்டோம்.

பிறகு சில மாதங்கள் எதையும் நம்ப முடியாமல் திரிந்தேன். ஆபீஸில் மேனேஜர் ஒரு கிளெய்மை நான் பிடித்ததற்காகப் பாராட்டினார். அவர் முகத்தையே பார்த்தேன். இவருக்கு யார் போன் செய்திருப்பார்கள் என்று யோசித்தேன். மாட்டுங்கா மார்க்கெட்டில் காய்காரர் கேட்காமலே ஒரு கொத்துக் கறிவேப்பிலை போட்டால், இது எல்லோருக்கும் போடுவதா, எனக்கு மட்டுமா என்று பக்கத்துப் பையை எட்டிப் பார்த்தேன். சார் போன் செய்வார், எடுக்க மாட்டேன். பிறகு போன் வருவதும் நின்றது.

விளையாட்டை விட்டது நான், விடாதது தம்பி. "யக்கா, நாம ரெண்டு பேரும் இன்னும் ஒரு ஆட்டம்கூட ஆடலியே" என்றார். உண்மைதான். இப்போது தாராவியில் அவர் பட்டறையின் மேல்தட்டில், லெதர் வாடைக்கும் பசை வாடைக்கும் நடுவில் ஆடுகிறோம். அவர் மனைவிதான் அம்பயர். அவருக்கு டாங்க் எது பீரங்கி எது என்பதில் அக்கறை கிடையாது. தகரத் தடுப்புக்கு அந்தப் பக்கமிருந்து, "உங்க பக்கம் ஒண்ணும் வெடிக்கலக்கா. அவிய நேரா ஊருக்குள்ள வந்துட்டாவ" என்று பருப்பு விலை சொல்வது போலச் சொல்வார். நான் பெரும்பாலும் தோற்கிறேன். விட்டுவிடவில்லை. எப்போதாவது ஒன்று வெடித்தால் உடனே சந்தோஷப்பட வருவதில்லை. எழுந்து போய், தம்பி மனைவியின் வரைபடத்தில் ஊசி நான் சொன்ன கட்டத்தில்தான் நிற்கிறதா என்று குனிந்து பார்க்கிறேன். அவர் அதைத் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை. தள்ளி நின்று இடம் விடுகிறார்.

இந்தத் தை மாதம் ஆபீஸ் சிநேகிதி வீட்டு விசேஷத்துக்காக நெருள் போயிருந்தேன். அங்கே கோயிலில் அம்பயர் சாரைப் பார்த்தேன். செம்பூர் வீட்டைக் காலி செய்துவிட்டு மகனோடு வந்துவிட்டாராம். இளைத்திருந்தார். படியில் உட்கார்ந்து, வெளியே விட்ட செருப்பைக் கண்ணால் தேடிக்கொண்டிருந்தார். தவிர்த்துவிட்டுப் போயிருக்கலாம். போகவில்லை, எடுத்துக் கொடுத்தேன். யார் என்று நிமிர்ந்து பார்த்தவர் முகம் மலர்ந்துவிட்டது.

"ஆடறேளா?" என்றார்.

"ஆடறேன் சார். தோக்கறேன்."

தலையை ஆட்டிக்கொண்டார். மன்னிப்புக் கேட்பார் என்று ஒரு பாதி மனம் எதிர்பார்த்தது. அவர் வேறொன்று சொன்னார். எனக்கு நல்லது செய்வதாக நினைத்துத்தான் சொன்னார் என்று இப்போதும் நம்புகிறேன்.

"எல்லாமே நான் பண்ணினது இல்லேம்மா. நெஜமா வெடிச்சதும் உண்டு. சில நாள் அவ்வளவு அழகா வெச்சிருந்தேள், நான் கையே வைக்க வேண்டியிருக்கலை."

அவர் பக்கத்தில் படியில் உட்கார்ந்தேன்.

"எது சார்? எந்த ஆட்டம்?"

அவர் நிஜமாகவே யோசித்தார். உதடு அசைந்தது. விரலால் முழங்காலில் ஆறு மாதிரி ஏதோ வளைத்து வளைத்து வரைந்தார். பிறகு விரல் நின்றுவிட்டது.

"ஞாபகம் இல்லையேம்மா" என்றார்.

திரும்பும்போது ரயிலில் உட்கார இடம் கிடைத்தது. வாஷி தாண்டி, பாலத்தில் கீழே கழிமுகத் தண்ணீர் மங்கலாகக் கிடந்தது. ஒவ்வொரு ஆட்டமாக எடுத்துப் பார்த்தேன்: பாலத்தைத் தவிர்த்து வைத்தது, கிணற்றடியில் வைத்தது, குன்றின் பின்னால் வைத்தது. ஏதாவது ஒன்றையாவது இது என்னுடையது என்று வைத்துக்கொள்ளலாம் என்று பார்த்தேன். மான்குர்த் வந்துவிட்டது. ஒன்றைக்கூட எடுத்துக்கொள்ளத் துணிவு வரவில்லை.